யார், யாரிடம் கூறியது?

என் மச்சான் சாகும்போது சொன்னதாகச் சுவர் சுவராக ஒட்டியிருந்த வாக்கியத்தை என் மச்சான் சொல்லவில்லை. அதை யார்தான் சொன்னது என்று கண்டுபிடிக்க ஓர் ஆண்டுக்கு மேல் அலைந்தேன். உனக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்காத ஆள் இல்லை. வேலை இருந்தது. அருப்புக்கோட்டையில் ஒரு டுட்டோரியலில், பத்தாம் வகுப்பில் கோட்டைவிட்டவர்களுக்கு வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். ஆனால் என் அக்கா அந்த வாக்கியத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். அவளை அப்படியே விட்டுவிட்டு நான் எந்த வேலையைப் பார்ப்பது?

அக்காவைத் திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் ஊரில் கட்டிக்கொடுத்திருந்தோம். மச்சான் பட்டாளத்தில் சிப்பாய். லீவில் வந்தால் தோட்டத்தில் கிடப்பார், இல்லையென்றால் தூங்குவார். பேச்சு மிகக் குறைவு. கேட்ட கேள்விக்கே பாதிப் பதில்தான் வரும். அவருடைய அம்மா அவர் தவழ்கிற வயதிலேயே இறந்துபோய்விட்டார். அப்பா ஒண்டியாக வளர்த்த பிள்ளை. அதனால் அக்கா போன வீட்டில் மாமியார் இல்லை. மாமனாரும் அவளும்தான் இருந்தார்கள். பிள்ளைகளும் இன்னும் பிறந்திருக்கவில்லை.

எண்பத்தேழில் நம் படை இலங்கைக்குப் போனபோது மச்சானும் போனார். ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாள் தந்தி வந்தது. சண்டையில் இறந்துவிட்டார், உடலை அங்கேயே எரித்துவிட்டார்கள் என்று இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் ஊரே நின்றது. நடுவீட்டில் வைத்து அழுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. ஒப்பாரி வைக்க வந்த பொம்பளைகள் யாரைச் சுற்றி உட்காருவது என்று தெரியாமல் அக்காவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவள் அழவே இல்லை.

"ஆளக் காணாம நான் எதுக்கு அழுகணும்?" என்றாள்.

கொஞ்ச நாளில் மச்சானின் தகரப்பெட்டி வந்தது. சட்டை, கால்சட்டை, ஷேவிங் செட், ஒரு கைக்கடிகாரம். அதைத் திறந்து வைத்துக்கொண்டு மாமனார் நெஞ்சில் அடித்துக்கொண்டார். அக்கா எல்லாவற்றையும் துவைத்துக் காயப்போட்டு, மடித்து, கொடியில் எப்போதும் அவர் துணி கிடக்கிற இடத்தில் போட்டாள். கருமாதி நாள் குறிக்க வந்த பங்காளிகளிடம், "பொட்டி வந்தா ஆளு செத்ததாயிருமா? பொட்டிய மாத்திக்கூட அனுப்பியிருப்பாக" என்றாள். கடிகாரம் அவருடையதுதானே என்று ஒருவர் கேட்டுப் பார்த்தார். ஆனாலும் தாலியைத் தொட விடவில்லை. பொட்டையும் அழிக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் அந்தப் போஸ்டர். தெருப் பையன்கள் வசூல் பண்ணி அருப்புக்கோட்டையில் அடித்து வந்து, திருச்சுழி வரை ஒட்டியிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி. மச்சானின் படம். கீழே கொட்டை எழுத்தில், வீரரின் கடைசி வார்த்தை என்று போட்டு, "நான் விழும்போது என் முகம் எதிரியைப் பார்த்தே இருந்தது என்று என் தாயிடம் சொல்லுங்கள்!"

ஊர் அதைப் படித்துப் படித்து அழுதது. மாமனாருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அவர் அதை மனப்பாடமே செய்துவிட்டார். வாசல் திண்ணையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் தவறாமல் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும்தான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். ஊர் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் ஒரு கல் நட்டு அந்த வார்த்தையை வெட்டி வைப்பது என்று முடிவாயிற்று.

போஸ்டர் கண்ணில் படக் கூடாதென்று அக்காவைத் தெருவுக்கு விடாமல் வைத்திருந்தோம். ஒருநாள் பால் வாங்கப் போனவள் அந்தப் போஸ்டரைப் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, அவுகளுக்குத்தான் ஆத்தாவே கெடையாதே. யார்ட்ட சொல்லச் சொன்னாகளாம்?"

எனக்குச் சுருக்கென்றது. நானும் அந்த வாக்கியத்தைப் பலமுறை படித்திருந்தேன். எனக்குத் தோன்றவே இல்லை. மாமனார் திண்டாடாமல் பதில் சொன்னார். "தாயின்னா பாரதத் தாயிம்மா. அதக்கூட வெளங்கிக்கிற மாட்டியா?"

"அவுக அப்படிப் பேசவே மாட்டாக மாமா. ஒங்க மகன் பேசி நீங்க கேட்டதில்லையா? கொழம்புல உப்பில்லன்னாக்கூட வாயத் தொறந்து சொல்ல மாட்டாக." பிறகு என் பக்கம் திரும்பினாள். "இது வேற யாரோ சொன்னது. ஆத்தா இருக்குற யாரோ ஒரு பிள்ள சொன்னது. செத்தது அந்தப் பிள்ளதான். ஆளு மாறிப் போச்சு தம்பி. நீ வெசாரி."

அவள் கணக்கு அவ்வளவுதான். அந்த வார்த்தையைச் சொன்னவன் எவனோ அவன் செத்தான். சொன்னது அவர் இல்லை என்றால் செத்ததும் அவர் இல்லை. அதில் உள்ள ஓட்டை எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குத் தெம்பு வரவில்லை. இன்னொன்றும் உண்டு. எனக்கே அந்த வாக்கியத்தின் மீது எரிச்சல் கிளம்பியிருந்தது. டுட்டோரியலில் 'யார், யாரிடம், எச்சந்தர்ப்பத்தில் கூறியது' என்று கேள்வி கேட்டு, தப்பாக எழுதுகிறவனுக்கு முட்டை போடுகிறவன் நான். என் வீட்டுச் சுவரிலேயே ஒருத்தன் தப்பாக எழுதி ஒட்டிவிட்டுப் போனால் விட்டுவிட முடியுமா?

போஸ்டர் அடித்த பையன்களைப் பிடித்தேன். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "நாங்க பேரும் போட்டாவும்தாண்ணே குடுத்தோம். மத்ததெல்லாம் அச்சாபீஸ்ல அவுகளே போட்டாக."

அச்சாபீஸ்காரர் எனக்குப் பழக்கமானவர். டுட்டோரியல் நோட்டீஸெல்லாம் அவரிடம்தான் அடிப்போம். எதையும் மறைக்கத் தெரியாத மனுஷன். நான் கேட்டதும் எழுந்துபோய், சுவர் ஓரமாக அடுக்கியிருந்த தட்டுகளில் ஒன்றை இழுத்தார். ஈய எழுத்துக் கோத்து, சணல் கயிறு சுற்றிக் கட்டி வைத்திருந்த கட்டுகள் அதில் இருந்தன. கல்யாணப் பத்திரிகைக்கு ஒன்று, காதுகுத்துக்கு ஒன்று, பூப்புனித நீராட்டுக்கு ஒன்று. அடிக்கடி வருகிற சமாச்சாரங்களை ஒவ்வொரு தடவையும் கோத்துக்கொண்டிருக்க முடியாது என்பதால் கலைக்காமல் அப்படியே வைத்திருப்பார்களாம். பேர், ஊர், தேதியை மட்டும் மாற்றினால் போதும்.

"பட்டாளத்துக்காரர் எறந்தா இதுதான் அண்ணாச்சி" என்று ஒரு கட்டைத் தொட்டுக் காட்டினார். "எழுவத்தொண்ணுல பாகிஸ்தான் சண்டையப்ப பாலவனத்தத்துக்காரர் ஒருத்தர் எறந்து போனாரு. அவருக்குக் கோத்தது. நல்லா அமஞ்சு போச்சு, கலைக்க மனசு வரல. அதுக்கப்புறம் நாலஞ்சு பேருக்கு இதத்தான் போட்டிருக்கோம். ஒருத்தரும் கொற சொன்னதில்லையே!"

"செத்தவருக்குத் தாய் இருக்கா இல்லையான்னு கேக்க மாட்டீங்களா?"

"தாயில்லாம யாரு பொறக்கா?" என்றார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அந்தக் கட்டைத் தூக்கித் தரையில் போட்டுக் கலைத்துவிடலாம் போல இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்கால பஸ்ஸிலேயே ஊருக்குப் போனேன். வழியெல்லாம் அச்சாபீஸ்காரரைத் திட்டிக்கொண்டே போனேனே தவிர, நான் கொண்டுபோகிற சேதி அக்காவை என்ன செய்யும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. அவளிடம் சொன்னேன். இந்த வார்த்தையை மச்சான் சொல்லவில்லை, யாரும் வந்து யாரிடமும் சொல்லவில்லை, அச்சாபீஸில் தயாராக இருந்தது என்றேன்.

அவள் சிரித்தாள். தந்தி வந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அடுப்பைப் பற்றவைத்து எனக்குத் தோசை சுட்டாள். "பாத்தீகளா மாமா? கேட்டவுக யாருமே இல்லையாம். கேட்டவுக இல்லன்னா பாத்தவுகளும் இல்ல. பாக்காமயே தந்தியடிச்சிருக்காக." மாமனார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு என்னை நாலு அடி அடித்திருக்கலாம்.

அடுத்த நாளிலிருந்து அவள் பஸ் ஸ்டாப்புக்குப் போக ஆரம்பித்தாள். மதுரையிலிருந்து காரியாபட்டி வழியாக வருகிற பஸ்ஸு, அருப்புக்கோட்டையிலிருந்து வருகிற பஸ்ஸு, எது வந்தாலும் எழுந்து நிற்பாள். இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பாள். கடைசி ஆளும் இறங்கிய பிறகு, கண்டக்டரைப் பார்ப்பாள். கண்டக்டர்கள் முதலில் இரக்கப்பட்டார்கள். பிறகு பழகிப்போய், ஸ்டாப் வந்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவள் நிற்கிற இடத்துக்கு எதிரேதான் கல் நட்டார்கள். அரசியல்காரர் ஒருவர் வந்து திறந்து வைத்து, அந்த வார்த்தையை மைக்கில் மூன்று முறை முழங்கினார். கூட்டம் கை தட்டியது. புருஷன் பேர் வெட்டிய கல்லுக்கு எதிரே நின்று, நெற்றி நிறையப் பொட்டோடு, என் அக்கா புருஷனுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

பொம்பளைகள் அவளைப் பார்த்து ஒதுங்கினார்கள். பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். சிலர் அதைவிட மோசமாகவும் பேசினார்கள். கல்யாண வீடுகளுக்குக் கூப்பிடவும் முடியவில்லை, கூப்பிடாமல் இருக்கவும் முடியவில்லை. அம்மா எங்கள் வீட்டில் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தாள். "ஒங்க அக்கா கெணத்துல விழுந்துட்டான்னு சேதி வரும், அப்பத்தான் ஒன்னோட ஆராய்ச்சி முடியும்" என்றாள் என்னிடம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ராத்திரி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் யாராவது கிணறு என்று பேசினால்கூட கிளாஸை வைத்துவிட்டு எந்த ஊரில் என்று கேட்பேன்.

இந்த நிலையில் அவள் என்னை விடுவதாகவும் இல்லை. "அந்தப் பாலவனத்தத்துக்காரர் யார்ட்ட சொன்னாராம்? அதையும் கேட்டுட்டு வா. அவரு சொன்னது உறுதியாயிருச்சுன்னா, இவுக சொல்லலங்கறதும் உறுதியாயிரும்ல?"

பாலவனத்தத்துக்குப் போனேன். எழுபத்தொன்றில் இறந்தவரின் தம்பி பருத்தி யாவாரி. தோட்டத்தில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூட்டிப் போனார்.

"எங்கண்ணன் சண்டையில சாகல தம்பி. லாரி கவுந்து செத்தாரு. எதிரியையே பாத்திருக்க மாட்டாரு, அப்புறம் எங்குட்டு மொகத்தத் திருப்ப? எங்க ஆத்தா கெடந்து கதறுனா. அவள அமத்துறதுக்காக எங்க தெரு மேடைப் பேச்சாளர் ஒருத்தரு எழுதிக் குடுத்தாரு. 'வெள்ளக்காரன் புஸ்தகத்துல ஒரு தளபதி சொன்னதுய்யா, நம்ம ஆளுக்கு அமச்சுக்குவோம்'னாரு. ஆத்தா சாகுற மட்டும் அதச் சொல்லிச் சொல்லித்தான் உசுரு வச்சிருந்தா. கெளறாதீக, புண்ணியமாப் போகும்."

கிளறாமல் இருக்க என்னால் முடியவில்லை. அக்காவுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டேன். பாதி எனக்காகவும்தான். மேடைப் பேச்சாளர் உயிரோடு இல்லை. ஆனால் அவர் மதுரையில் ஒரு நூலகத்தில்தான் பழியாகக் கிடப்பார் என்று யாவாரி சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரைக்குப் போய், பழைய போர்களைப் பற்றிய இங்கிலீஷ் புத்தகங்களை அகராதியை வைத்துக்கொண்டு புரட்டினேன். அட்டை போய், கறையான் அரித்த புத்தகங்கள். எழுபத்தொன்றுக்குப் பிறகு அவற்றைத் தொட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒரு புத்தகத்தில் அது கிடைத்தது. எங்கோ ஒரு மலைக்கணவாயில், தன் ஆட்களோடு மாட்டிக்கொண்டு செத்த வெள்ளைக்காரத் தளபதி. வாக்கியம் கிட்டத்தட்ட அதேதான். ஒரே ஒரு வித்தியாசம். அவன் சொல்லச் சொன்னது தாயிடம் இல்லை, ராஜாவிடம். சுதந்திரம் வாங்கிய நாட்டில் ராஜாவை வைத்து என்ன செய்வது என்று நம் பேச்சாளர் ராஜாவை எடுத்துவிட்டுத் தாயைப் போட்டிருக்கிறார். எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு. அகராதியைப் புரட்டிப் புரட்டி அதையும் படித்தேன். அன்று அந்தத் தளபதியோடு இருந்த அத்தனை பேரும் செத்துப்போனார்கள். அவன் இப்படிச் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. வெகுகாலம் கழித்து ஒரு பத்திரிகையில்தான் இது முதன்முதலாக வந்திருக்கிறது என்று எழுதியிருந்தது.

நூலகத்தின் மேஜையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டேன். ராஜாவிடம் சொல்லச் சொன்னதாக எவனோ எழுதியது, ஒரு தாயைத் தேற்றப் பயன்பட்டு, தாயில்லாத என் மச்சான் வாயில் வந்து உட்கார்ந்திருக்கிறது. வழி நெடுக, செத்தவர்களில் ஒருத்தரும் அதைச் சொல்லவே இல்லை. இதைக் கொண்டுபோய் அக்காவிடம் சொன்னால் அவள் இன்னும் அழுத்தமாகப் பொட்டு வைத்துக்கொள்வாள். சொல்லாவிட்டாலும் பஸ் ஸ்டாப்பில்தான் நிற்கப் போகிறாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

நான் சொல்லவில்லை. இன்னும் தேடுகிறேன் என்று நாளைக் கடத்தினேன். அவள் இளைத்து, கழுத்து எலும்பு தெரிய ஆரம்பித்தது. தனக்கு வைத்த சோற்றில் பாதியை எடுத்து, 'அவுக வந்தா வேணும்ல' என்று மூடி வைத்தாள். அதை மறுநாள் மாமனார் யாருக்கும் தெரியாமல் மாட்டுக்குப் போட்டார். அவர் என்னிடம் பேசுவதையே நிறுத்தியிருந்தார். ஒரே ஒரு தடவை, பஸ் ஏற்றிவிட வந்தபோது, கல்லைக் காட்டிச் சொன்னார். "நீ என்ன வேணாலும் கண்டுபிடி. இந்தக் கல்ல மட்டும் ஒண்ணும் பண்ணிராத. எனக்குன்னு வேற ஒண்ணும் வந்து சேரல."

அடுத்த ஆண்டு மார்கழியில், டுட்டோரியலில் கணக்கு நடத்துகிற சக வாத்தியார் ஒருவர் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். அவர் எம்.ரெட்டியபட்டிக்காரர். அவர் ஊர்ச் சிப்பாய் ஒருவர் இலங்கையில் ஒரு கையைப் பறிகொடுத்துவிட்டு, பட்டாளத்து ஆஸ்பத்திரிகளில் மாறி மாறிக் கிடந்து, இப்போதுதான் வீடு வந்திருக்கிறார் என்றார். எந்தப் படைப்பிரிவு என்று கேட்டேன். மச்சான் இருந்ததேதான்.

அன்றே கிடைத்த லாரியில் தொற்றிக்கொண்டு போனேன். சிப்பாய் என்னைவிட நாலைந்து வயது பெரியவர். சோளத்தட்டை அடுக்கிய படப்புக்குப் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது சட்டைக் கை மடித்துப் பின் குத்தியிருந்தது. நான் இன்னார் என்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"வந்திருக்கணும், நாந்தான் வந்து பாத்திருக்கணும். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றதுன்னு இருந்துட்டேன். நானும் அண்ணனும் ஒரே வண்டியில போனோம். கண்ணிவெடி. எனக்குக் கை போச்சு, அவருக்கு வயிறு. ரெண்டு பேரும் ஒரு பனைக்கடியில கெடந்தோம். மழன்னா மழ."

"நீங்க கண்ணால பாத்தீங்களா அண்ணே? உசுரு போனதை?"

"எம்மடியிலதான் தல இருந்துச்சு" என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். எவ்வளவு நேரம் ஆனது, மச்சான் எப்படித் துடித்தார், என்னவெல்லாம் சொல்லிக் கெஞ்சினார் என்பதெல்லாம். அதை அன்று நான் கேட்டதோடு சரி, இங்கேயும் எழுதப் போவதில்லை. அவர் சொல்லி முடித்த பிறகு, அக்கா சார்பாக நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். கடைசியாக ஏதாவது சொன்னாரா?

அவர் தரையைப் பார்த்தார். "ஒங்க ஊர்க் கல்ல பஸ்ஸுல வரும்போது பாத்தேன். நல்லாத்தான் எழுதியிருக்காக. அப்படியே இருக்கட்டுமே."

"அது அவர் சொன்னதில்லைன்னு எனக்குத் தெரியும்ணே."

"இது வெளிய சொல்ற மாதிரி இல்ல தம்பி. செத்தவர அசிங்கப்படுத்துன மாதிரி ஆயிரும். நெனவு தப்பிருச்சு அவருக்கு. என்னைய யாருன்னு நெனச்சாரோ, என் சட்டையப் புடிச்சுக்கிட்டு, 'சேலைய எடுத்துக் கட்டு பிள்ள, சாக்கு எடுத்துக்கிட்டு இந்தா வாரேன்'னாரு. அதத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாரு. அதோட போயிட்டாரு. மேஜர் வந்து கேட்டப்பக்கூட நான் சொல்லல. சண்டையில சாகுறவரு சேலையப் பத்திப் பேசுனாருன்னா சிரிக்க மாட்டாகளா?"

திரும்பி வரும்போது திருச்சுழி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த வாக்கியத்தை எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை. சாக்கு எதற்கு? யார் சேலை? கேட்டவர் உயிரோடு இருக்கிற, மடியில் தலையைத் தாங்கியிருந்தவரே சாட்சியாக இருக்கிற ஒரு வாக்கியம் கடைசியில் கிடைத்தது. அதற்குப் பொருள்தான் இல்லை. இதைச் சொன்னால் அக்கா, இதுவும் அவர் பேசியதில்லை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவாள் என்று நினைத்தேன். ஒரு பக்கம் அப்படித் தள்ளிவிட வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். மறுபக்கம், சாமி, இன்றைக்காவது இந்தக் கூத்து முடியட்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். இரண்டையும் ஒரே சாமியிடம்தான் வேண்டினேன்.

நான் இறங்கியபோது அக்கா பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாள். எனக்குப் பின்னால் இறங்கியவர்களைப் பார்த்து முடித்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள். வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்றேன். இங்கேயே சொல் என்றாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ரோட்டில் யாரும் இல்லை.

சிப்பாயைப் பார்த்ததைச் சொன்னேன். ஒரே வண்டியில் போனதைச் சொன்னேன். அவள் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. அடுத்த பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீயும் அவுககூடச் சேந்துட்டியா?" என்றாள். கடைசியில் வேறு வழியில்லாமல் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். சிப்பாய் சொன்னதை, ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல்.

அக்கா ரோட்டிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன்.

அவள் மெல்லக் கீழே உட்கார்ந்தாள். நான் தாங்கப் போனேன், வேண்டாம் என்று கையை ஆட்டினாள். பிறகு, என்னிடம் இல்லாமல் எதிரே இருந்த செடியிடம் பேசுகிற மாதிரி பேசினாள். கல்யாணமான முதல் கோடை. மிளகாய்ப் பழத்தைக் காட்டுக் களத்தில் காயப்போட்டிருந்தார்கள். மாமனார் வெளியூர் போயிருந்தார். திடீரென்று மழை இறங்கிவிட்டது. களத்தில் இவர்கள் இரண்டு பேர்தான். மூடுவதற்குச் சாக்கு தள்ளியிருந்த கொட்டகையில்தான் கிடந்தது. வற்றல் நனைந்தால் வருஷ உழைப்பே போச்சு. இவள் யோசிக்காமல் கட்டியிருந்த சேலையை உருவி வற்றல் மேல் விரித்துவிட்டாள். பாவாடை ஜாக்கெட்டோடு மழையில் நின்றவளைப் பார்த்து மச்சான் பதறிப்போய், அதே வார்த்தையைக் கத்திக்கொண்டே கொட்டகைக்கு ஓடினார்.

"அவுக சத்தம் போட்டு நான் கேட்டது அன்னைக்கு ஒருநாத்தான்" என்றாள். "எனக்குச் சிரிப்பு. அவுகளுக்கும் சிரிப்பு. வெளிய சொல்லிராத பிள்ளன்னாக. நான் யார்ட்டயும் சொன்னதில்ல தம்பி. அம்மாட்டக்கூட."

ஓர் அக்கா தம்பியிடம் சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது. அவள் கூச்சப்படவில்லை. அவளும் அவரும் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒன்று, எம்.ரெட்டியபட்டியில் ஒரு கை இல்லாத மனிதரின் வாயில் இருந்தது. அது அவரிடம் எப்படி வந்திருக்க முடியும் என்பதற்கு ஒரே வழிதான் உண்டு. அதை நான் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

தூரத்தில் மதுரை பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. பஸ் வந்து நின்றது. கண்டக்டர் வழக்கம்போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ இறங்கினார்கள். அக்கா தலையைக் குனிந்தபடியே இருந்தாள், பஸ் கிளம்பிப் போய்ப் புழுதி அடங்குகிற வரைக்கும். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அதை அழுகை என்றுகூடச் சொல்ல முடியாது. மாட்டை அறுக்கிற இடத்தில் கேட்கிற சத்தம். நான் இதற்குத்தானா இவ்வளவு அலைந்தேன் என்று அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்திருந்தேன். சத்தம் கேட்டு மாமனார் ஓடிவந்தார். எட்டவே நின்று அவளைப் பார்த்தார். பார்த்ததுமே புரிந்துகொண்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து அவள் நிமிர்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தந்தி வந்த நாளிலிருந்து, மச்சான் எப்படிச் செத்தார் என்று அவள் ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சாகாதவரைப் பற்றி என்னவென்று கேட்பது? இப்போது கேட்டாள்.

"தம்பி, அவுகளுக்கு ரொம்ப வலிச்சிருக்குமா?"

"இல்லக்கா" என்றேன். "வலியே தெரியலன்னு சொன்னாராம். அந்த அண்ணன் காதால கேட்டிருக்காக."